கணினியைப் பெற்றது தேயிலை, தெரியுமா?

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு வியாபாரத்தின் கணக்கை வாராவாரம் போட்ட கணினி யாருடையது? ஆரைக் கேட்டாலும் அமெரிக்கா என்பார்கள், இராணுவம் என்பார்கள், ஐ.பி.எம். என்பார்கள். இல்லவே இல்லை! அதைக் கட்டியது ஒரு தேயிலைக் கம்பனி! லண்டனில் தெருவுக்குத் தெரு தேத்தண்ணிக் கடை நடத்தி, பொட்டலத் தேயிலை விற்று, கேக்கும் பணிசும் சுட்டுக்கொண்டிருந்த ஜே. லயன்ஸ் கம்பனி!

1947இல் அந்தக் கம்பனியின் இரண்டு மனேஜர்கள், தொம்சனும் ஸ்டாண்டிங்போர்டும், அலுவலக வேலையைச் சுருக்க என்ன வழி இருக்கிறது என்று பார்த்துவர அமெரிக்கா போனார்கள். பிரின்ஸ்டனில் ஹேர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞர், “உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மொரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒரு கணினி கட்டுகிறாரே” என்று வழிகாட்டினார். திரும்பி வந்ததும் கம்பனி கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண் கொடுத்தது, உதவிக்கு ஓர் ஆளையும் அனுப்பியது. வில்க்ஸின் எட்சாக் கணினி 1949 மே 6ஆம் திகதி முதல் நிரலை ஓட்டியது. உடனே லயன்ஸ், ஜோன் பிங்கர்ட்டன் என்ற பொறியியலாளரை வைத்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டத் தொடங்கியது. அதுதான் லியோ. ஏறத்தாழ 6,000 வால்வுகள்! நினைவகம் எது தெரியுமா? பாதரசம் நிரப்பிய நீளக் குழாய்கள்! ஒலித்துடிப்பாகத் தரவு பாதரசத்துக்குள் ஓடி, மறுமுனைக்கு வந்து, திரும்ப முதலிலிருந்து ஓடும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம் இருக்கும்!

1951 நவம்பர் கடைசியில், பேக்கரிப் பிரிவின் வாராந்தக் கணக்கு முழுவதும் லியோவின் கைக்கு மாறியது. 1954இல் சம்பளக் கணக்கும் வந்தது. தேர்ந்த ஒரு குமாஸ்தா 8 நிமிடம் எடுத்த ஒருவரின் சம்பளக் கணக்கை லியோ 1.5 செக்கனில் முடித்தது. தேயிலைக் கலவையிலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. தேத்தண்ணிக் கடைப் பொறுப்பாளர்கள் நாளைக்கு என்ன கூட, என்ன குறைய வேண்டும் என்று தொலைபேசியில் சொல்ல, அது அட்டையில் துளையாகி உள்ளே போகும். 1952இல் அந்தக் குழுவில் சேர்ந்த மேரி கூம்ப்ஸ், வணிக நிரல் எழுதிய முதல் பெண்மணி.

தோட்டத்தில் பேர் போட்டு, கொழுந்து மடுவத்தில் நிறுத்து, செக்ரோல் பதிவேட்டில் ஏற்றி, மாதக் கடைசியில் பிடிப்புகள் கழித்துச் சம்பளம் பிரிக்கிறார்களே, லியோ செய்தது அச்சொட்டாக அந்த வேலையைத்தான்! மலையகத்துப் பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைக்குக் கணினியின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். செக்ரோல் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளையின் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

‘பக்’ தேடும் வேதனையும் அங்கேதான் பிறந்தது, தெரியுமா?

தேயிலைக் காசு போய்ச் சேர்ந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில், 1949இல், வில்க்ஸ் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு மாடியில் எட்சாக், இன்னொரு மாடியில் நாடாவில் துளை போடும் இயந்திரம். பிழை வந்தால் மேலே கீழே நடை! அந்தப் படிக்கட்டின் ஒரு திருப்பத்தில் அவருக்கு ஒன்று உறைத்ததாம்: மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி, தானே எழுதிய நிரல்களில் தானே விட்ட பிழைகளைத் தேடுவதில்தான் கழியப் போகிறது! தன் நினைவுக்குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அவர் அப்போது எழுதிய ஒரு நிரலின் நாடா பிற்காலத்தில் கிடைத்தது. அதில் இருந்தவை 126 வரிகள். பிழைகள் ஏறத்தாழ 20! கணினியைக் கட்டிய மேதைக்கே ஆறு வரிக்கு ஒரு பிழை என்றால், இரவு பதினொரு மணிக்கு ஒரு பிழையைத் திருத்தப் போய் வேறு இரண்டைக் கிளப்பிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிற தம்பி தங்கச்சிமார் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

அதே ஆய்வுகூடம், நாற்பது வருடம் கழித்து இன்னொன்றும் செய்தது. 1991இல் அங்கிருந்தவர்களுக்கு ஒரு பெரிய குறை. கோப்பிச் சட்டி வேறோர் அறையில், நடந்துபோய்ப் பார்த்தால் காலி! குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் போல் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கமராவைச் சட்டிக்கு நேரே திருப்பிவைத்து, படம் எல்லோருடைய மேசைக்கும் போக ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 1993இல் அது இணையத்தில் ஏறியது. உலகத்தின் முதல் வெப் கமரா! 2001இல் அதை நிறுத்தியபோது, அந்தச் சட்டி 3,350 பவுணுக்கு ஏலம் போனது. சனி ஞாயிறு விளையாட்டாகச் செய்கிற வேலை எங்கே போய் நிற்கும் என்று ஆருக்குத் தெரியும்!

இணையத்துக்குள் ஒரு கேத்தல் உட்கார்ந்திருக்கிறதே, பார்த்தீர்களா?

404 என்றால் ‘பக்கம் இல்லை’. இது எல்லோருக்கும் தெரியும். 418 என்றால்? ‘நான் ஒரு தேத்தண்ணிக் கேத்தல்!’ சத்தியமாக! 1998 ஏப்ரல் 1ஆம் திகதி, லாரி மாசின்டர் என்ற அறிஞர், இணையத்தின் விதிகளை வெளியிடும் அதே வரிசையில், கோப்பி ஊற்றும் இயந்திரங்களுக்கான ஒரு நெறிமுறையை எழுதினார். கோப்பி போடச் சொல்லி ஒரு தேத்தண்ணிக் கேத்தலைக் கேட்டால், அது 418 என்று பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலுள்ள விதி. 2014இல், அதே ஏப்ரல் 1இல், தேத்தண்ணிக்கென்று ஒரு பிற்சேர்க்கையும் வந்தது. 2017இல் இந்த 418ஐ எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தபோது, 15 வயதுப் பையன் ஒருவன் அதைக் காப்பாற்ற இணையத்தில் ஆதரவு திரட்டினான். எண் தப்பியது! 2022இல் வெளியான அதிகாரபூர்வ விதியில் 418ஐ வேறெதற்கும் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கியே வைத்துவிட்டார்கள்.

இப்போது நம் மலைகளை நினைத்துப் பாருங்கள். இங்கே முதலில் இருந்தது தேயிலை அல்ல, கோப்பி! 1869இல் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் மலைமலையாகக் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். உலகம் கோப்பி கேட்டது, இலங்கை 418 என்றது!

டெய்லரின் முதல் ‘தொழிற்சாலை’ எது தெரியுமா? அவருடைய பங்களா விறாந்தை! மேசைமேல் இலையைக் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்திக் கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் வைத்துக் காய வைத்தார்கள். உருட்டிய கைகள் தோட்டத் தொழிலாளரின் கைகள். பிறகுதான் நீர்ச்சக்கரமும் உருட்டும் இயந்திரமும் வந்தன. வீட்டில் இருப்பதை வைத்து முதலில் செய்து பார், சரிவந்தால் இயந்திரம் கட்டு: இன்றைக்கும் கருவி செய்கிற எவரும் போகிற வழி அதுதான்.

பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒரு பூட்டு இருக்கிறது!

நானுஓயாவைத் தாண்டி, அம்பேவலயும் கழிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கோச்சி ஏறி வந்து நிற்கிற இடம் பட்டிப்பொல. 6,224 அடி, ஏறத்தாழ 1,897 மீட்டர். இலங்கையிலேயே மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம். இதைத் தாண்டி ஒஹியாப் பக்கம் கொஞ்சம் போனால் பாதையின் உச்சி. அதற்குப் பிறகு பதுளை வரை பொதுவாக இறக்கம்தான். இத்தனை உயரத்துக்கு ஐந்தரை அடி அகலப் பாதையைக் கொண்டுபோனதே ஒரு சாதனை. ஆனால் கோட் எழுதுகிறவர்கள் இங்கே இறங்கிப் பார்க்க வேண்டியது மலையை மட்டுமல்ல, ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் இருக்கும் டெப்லட் கருவியையும்தான்!

ரம்புக்கனையைத் தாண்டி மலையேறும் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு கோச்சி ஒரே துண்டுக்குள் நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. 1874இல் இங்கிலாந்தில், நோரிச் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. தந்தியில் போன ஒரு செய்தி குழம்பி, இரண்டு கோச்சிகள் நேருக்கு நேர் மோதி, 25 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் கண்டுபிடித்ததுதான் மின்சார டெப்லட் முறை.

எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! ஒரு துண்டுப் பாதையின் இரு முனையிலும் இரண்டு கருவிகள், நடுவில் மின்கம்பி. இரண்டுக்குள்ளும் வட்ட வட்டமாக உலோகத் தட்டுகள், அவைதான் டெப்லட். இந்தப் பக்கத்து மாஸ்டர் மணி அடித்துக் கேட்பார், அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதம் கொடுப்பார், ஒரு தட்டு வெளியே வரும். வந்த அந்தக் கணமே இரண்டு கருவியும் பூட்டிக்கொள்ளும்! அந்தத் தட்டு இரண்டு முனையில் ஏதாவது ஒன்றுக்குள் திரும்பிப் போகும்வரை, ஆர் வந்து கெஞ்சினாலும் இன்னொரு தட்டு வராது. தோல் பையில் தட்டைப் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, சாரதியின் கையில் கொடுப்பார்கள். வேகத்தைக் குறைத்தபடி போகிற கோச்சியிலிருந்தே சாரதி கையை நீட்டி வளையத்தைத் தோளில் மாட்டிக்கொள்வார். தட்டு இல்லாமல் அந்தத் துண்டுக்குள் சக்கரம் உருளக் கூடாது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இப்போது மெய் சிலிர்த்திருக்கும். இது மியூடெக்ஸ், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு! உங்கள் கணினிக்குள் ஒரு கணத்தில் ஆயிரம் தடவை நடக்கிற அதே காரியம், இங்கே பித்தளையிலும் தோலிலும் நடக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம். மடுவத்தில் இரண்டு பேர் இரண்டு ஃபோனில் கொழுந்து நிறுவை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 கிலோ. முதலாமவரின் ஃபோன் 300 என்று வாசிக்கிறது, அதே கணத்தில் மற்றதும் 300 என்று வாசிக்கிறது. இவர் 18 கூட்டி 318 என்று எழுதுகிறார். அவர் 22 கூட்டி 322 என்று அதன் மேலேயே எழுதுகிறார். உண்மையில் 340 இருக்க வேண்டும். ஒருத்தியின் 18 கிலோ காற்றோடு போயிற்று! நிரலில் ஒரு வரிகூடப் பிழை இல்லை. தனியே ஓட்டிப் பார்த்தால் எப்போதும் சரியாகவே வரும். இரண்டும் ஒன்றாக ஓடும்போது, அதுவும் எப்போதாவது ஒருநாள்தான் பிழைக்கும். கோட் எழுதுகிறவர்களைக் கண்ணீர் விட வைக்கிற பிழைகளில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன். மருந்து? மொத்தத்தைத் தொட முதல் டெப்லட்டை எடு, எழுதி முடித்ததும் திருப்பி வை!

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னபோது, தன் கருவிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? செமஃபோர்! கையை ஏற்றி இறக்கும் அந்தப் பழைய புகையிரதச் சிக்னலின் பெயர்! இன்றைக்கும் எல்லா இயங்குதளங்களுக்குள்ளும் அந்தப் பெயர் இருக்கிறது.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா? போதாது! 1921 ஜனவரி 26, வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் ஸ்டேஷன். டயரின் கருவிகள் கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்தன. ஆனால் ஓர் ஊழியர் கை மாறி இன்னோர் ஊழியர் கைக்குப் போனதில், வந்த கோச்சியின் சாரதிக்கு அவர் கொண்டுவந்த அதே பழைய தட்டே திரும்பக் கொடுபட்டது. தட்டில் எந்தத் துண்டின் பெயர் பொறித்திருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. 17 பேர் இறந்தார்கள். வேறொரு கதவின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கதவு பத்திரம் என்று நம்புகிற நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. வளையத்தை வாங்கியதும் பையைத் திறந்து பெயரை வாசிக்கிற சாரதியின் பழக்கம் நமக்கும் வேண்டும்.

இதே பூட்டுச் சிக்கல் செவ்வாய்க் கிரகத்திலும் நடந்தது! 1997 ஜூலை 4இல் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாட்களில் தானாகவே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. காரணம்? வானிலைத் தரவு சேர்க்கிற, அவசரமே இல்லாத ஒரு சின்ன வேலை பூட்டை எடுத்து வைத்திருந்தது. மிக அவசரமான வேலை அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. நடுத்தரமான வேறு வேலைகள் குறுக்கே குறுக்கே வந்து, சின்ன வேலையைத் தன் காரியத்தை முடிக்க விடவில்லை. அவசரமான வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் காவல் கடிகாரம் முழுக் கணினியையும் நிறுத்தித் தொடங்கியது. பூமியில் ஒரு நகலை வைத்து அந்தப் பிழையை அப்படியே வரவழைத்துப் பார்த்தார்கள், காரணம் பிடிபட்டது, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திருத்தத்தை அனுப்பினார்கள். பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் அவசரத்தைத் தற்காலிகமாகக் கடன் கொடு! அவ்வளவுதான் திருத்தம்.

பட்டிப்பொலவில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது!

சனி ஞாயிறில் வீட்டில் ஏதாவது பூட்டிக் கழற்றுகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு பொக்கிஷம். இத்தனை உயரத்தில் காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே கொதித்துவிடும். இனி நினைத்துப் பாருங்கள்: கொழும்பில் இருக்கிற ஒருவர், வெப்பமானியையும் ஒரு சின்னச் சுற்றுப்பலகையையும் இணைத்து, “99 பாகை வரும்வரை சூடாக்கு” என்று ஒரு நிரல் எழுதுகிறார். அங்கே அருமையாக வேலை செய்கிறது. அதைப் பட்டிப்பொலவுக்குக் கொண்டுவந்தால்? 99 வரவே வராது! தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும்! கடையில் வாங்கும் மின்கேத்தல் மட்டும் எப்படி இங்கேயும் நிற்கிறது? அது தண்ணீரின் வெப்பநிலையைப் பார்ப்பதே இல்லை! கொதிக்கும்போது எழும் ஆவி ஓர் இரட்டை உலோகத் தகட்டைச் சுட்டு வளைக்கிறது, தகடு சுவிட்சைத் தட்டிவிடுகிறது. எண்ணை நம்பாமல் நிகழ்ச்சியையே கவனி என்பது எவ்வளவு பெரிய பொறியியல்!

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வீட்டில் கிடக்கிறதா? அதற்குள் வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை, சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின்மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் தலை தாழும். அதனால்தான் சாதாரண டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி, என்று உயர எல்லை போடுவார்கள். பட்டிப்பொல மட்டுமல்ல, பக்கத்துத் தொட்டுப்பொல மலையின் 2,357 மீட்டர் உச்சியும் அந்த எல்லைக்குள்தான். பயமில்லாமல் பாவிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த வேலை வேறு. பிஎம்பி 280 என்று நகக்கண் அளவில் ஓர் அமுக்க உணரி இருக்கிறது. ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே கண்டுபிடித்துவிடும்! 2012இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்னக் கணினியோடு அதை இணைத்து, நானுஓயாவில் கோச்சி ஏறுங்கள். இந்த உயரத்தில் ஏறக்குறைய 10 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் அமுக்கம் குறையும். பட்டிப்பொல வந்து சேருவதற்குள் 25க்கு மேல் குறைந்திருக்கும். ஏற்றமும் இறக்கமும் எல்லாம் ஒரு கோடாக உங்கள் திரையில்!

இனித்தான் விசேஷம். அதே உணரியை வீட்டு மேசையில் அசையாமல் வைத்துவிட்டு ஒருநாள் முழுக்க உயரத்தைப் பதிவு செய்யுங்கள். காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிக்குள் வீடு இருபது மீட்டர் மேலே ஏறியிருக்கும்! இரவு பத்து மணிக்குத் திரும்ப இறங்கியிருக்கும்! நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பீர்கள், கம்பியை மாற்றுவீர்கள், உணரி பழுது என்று திட்டுவீர்கள். ஒன்றுமே பழுதில்லை. சூரியன் சுடுவதால் வளிமண்டலமே கடலைப்போல நாளைக்கு இரண்டு தடவை பொங்கி வற்றுகிறது. அமுக்கம் காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சம், நாலு மணிகளில் தாழ்வு. வெப்பவலய நாடுகளில் இது மணிக்கூடு மாதிரி நடக்கும். பிழை என்று நினைத்து விரட்டிப்போனால் முழு வானமும் கையில் அகப்படுகிறது! இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடு ஏது?

லயத்துக் கூரையில் இருப்பது ஆருடைய கனவு?

லயத்துக்கு லயம் கூரையில் டிஷ் அன்டெனா. தமிழ்நாட்டு நாடகமும் பாட்டும் அதில்தான் இறங்குகின்றன. எல்லா டிஷ்ஷும் அசையாமல் வானத்தில் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவே, எப்படி? பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செய்மதி, பூமி சுழல்கிற அதே வேகத்தில் சுற்றும். நமக்கு அது நின்றது நின்றபடியே இருக்கும். மூன்று செய்மதிகளை அங்கே நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில், செய்மதி என்ற ஒன்றே பிறக்காத காலத்தில், ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதிக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தது நம் இலங்கையில்! 1975இல் இந்தியாவின் இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்பில் அவர் வீட்டில் ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வர இன்னும் நாலு வருடம் இருந்தது!

கருவிப் பைத்தியம் என்றால் அவர்தான். 1983இல், தன் நாவல் ஒன்றைப் படமாக்கும் இயக்குநரோடு கொழும்புக்கும் லொஸ் ஏஞ்சலஸுக்கும் இடையில் கணினியில் மோடம் வழியாக நாளாந்தம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகின. 1979இல் வந்த அவருடைய ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் போகிறது. அது புறப்படும் மலைக்கு முன்மாதிரி எது தெரியுமா? நம் சிவனொளிபாதமலை!

டிஷ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் அகலாங்கில் மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களுக்குப் படம் அறுபடும். நாலு வரித் திரிகோண கணிதம் போதும், உங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு அறுபடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அயலட்டைக்குச் சொல்லிவைத்து, சொன்ன நேரத்துக்கு நடந்தால் வருகிற புளுகம் இருக்கிறதே!

இலங்கைக்காரர் எழுதிய கோட் பற்றி ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமி அடித்த சில வாரங்களுக்குள் இங்கே தொண்டர்கள் கூடி எழுதிய ‘சகானா’ நிவாரண மென்பொருள், பிறகு பல நாடுகளின் அனர்த்தங்களில் உதவியது. கூகுளின் கோடை நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில், உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்! 1883இலிருந்து கூவிக் கூவி நடந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில், ஊரடங்குக்குள், முதல் தடவையாகத் திரைக்கு மாறியது. தேயிலை பெற்ற கணினி, தேயிலைக்கே திரும்பி வந்தது!

‘பட்டிப்பொல’ என்று எழுதினால் கணினி திணறும், தெரியுமா?

பட்டிப்பொலவில் எத்தனை எழுத்து? ப, ட், டி, ப், பொ, ல. ஆறு. முதலாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கணினியைக் கேளுங்கள்: 10 என்று சொல்லும்! மெய்யின் புள்ளியும் உயிர்க்குறிகளும் அதற்குத் தனித்தனி. வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கேளுங்கள்: யூ.டி.எஃப். 8 முறையில் 30 பைட்! ஓர் எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம் கொடுக்கிறார்கள், தமிழுக்கு 70தான். ஊர்ப் பெயருக்கே அதில் 10 போய்விடும். நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவதைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆச்சரியம், ‘பொ’ என்ற ஓர் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக்கொம்பு தனியே, கால் தனியே என்று இரண்டாகப் போடலாம். திரையில் கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. கணினிக்கோ ஒன்று 10 குறி, மற்றது 11 குறி, இரண்டும் வெவ்வேறு சொல்! கோச்சி நேர அட்டவணைச் செயலி ஒன்றில் ஊரை ஒரு விதமாகச் சேமித்து, பயணி மறுவிதமாகத் தட்டினால், “அப்படி ஒரு நிலையம் இல்லை” என்று பதில் வரும். இலங்கையின் மிக உயரமான ஸ்டேஷனே காணாமல் போய்விடும்!

பைத்தன் மொழியில் இன்னும் வேடிக்கை. அதில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பட்டிப்பொல என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டு அதில் 1897 என்று போட்டு வையுங்கள். அந்தப் பெயரை ஓர் இடத்தில் 10 குறியாகவும் இன்னோர் இடத்தில் 11 குறியாகவும் எழுதினாலும் பைத்தன் இரண்டும் ஒன்றென்று அறியும், பெயர்களை அது உள்ளுக்குள் ஒழுங்குபடுத்திவிடும். ஆனால் அதே இரண்டையும் மேற்கோளுக்குள் போட்டுச் சமமா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்லும்! அதே பைத்தனிடம் ௧௯௫௧ என்று தமிழ் எண்ணைக் கொடுத்து, எண்ணாக மாற்று என்றால், கண்ணை மூடித் திறப்பதற்குள் 1951 என்று தந்துவிடும். லியோ வேலை தொடங்கிய வருடம்! யூனிகோடில் தமிழுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை ஆரம்பத்திலேயே இருந்தும், பூச்சியம் மட்டும் 2005இல்தான் சேர்ந்தது என்பது தெரியுமா?

ஊர்ப் பெயர்ச் சிக்கலுக்கு மருந்து சுலபம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரே வரி வேலை. ஒகர ஓகாரக் குறி வருகிற எந்த ஊரும் இதில் மாட்டும். கொட்டகலை மாட்டும், பொகவந்தலாவை மாட்டும், நோர்வூட்டும் டிக்கோயாவும் மாட்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று இப்போதே பாருங்கள்!